முத்துக் காதணி அணிந்த பெண் (புதினம்)

முத்துக் காதணி அணிந்த பெண் என்பது டிரேசி செவாலியர் ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளியான வரலாற்றுப் புதினம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர் (1632–1675) 1665-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்று இதே பெயரில் அறியப்படுகிறது. அதில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பெண் யார் என்ற கேள்வியிலிருந்து புதினம் பிறக்கிறது.

அக்கேள்விக்கு வரலாற்றில் விடை இல்லை. குறிப்பிட்ட ஒருவரின் உருவப்படமாக அல்லாமல், ஒரு முகபாவத்தையோ உடையையோ காட்டுவதற்காக வரையப்படும் 'டிரோனி' என்ற வகையைச் சேர்ந்த ஓவியம் அது. வான் கோவின் வாழ்வை 1934-இல் புதினமாக்கிய இர்விங் ஸ்டோனுக்கு, அவர் தம் தம்பிக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் துணை நின்றன. வெர்மீர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ எதுவும் இன்று இல்லை. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 35 ஓவியங்களும் திருமணம், கடன், சொத்து பற்றிய சில பதிவுகளும்தான்.

கதை

கிரீட் என்னும் 16 வயதுப் பெண்ணே கதைசொல்லி. ஓடுகளில் ஓவியம் தீட்டிவந்த அவள் தந்தை சூளை விபத்தில் பார்வை இழந்ததால், 1664-இல் வெர்மீர் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். நறுக்கிய காய்களை நிறம் பார்த்து அவள் அடுக்கியிருந்த விதமே வெர்மீரின் கவனத்தை ஈர்க்கிறது. ஓவிய அறையில் எந்தப் பொருளும் இடம் மாறாமல் தூசி துடைக்கிறாள். பின்னர் வண்ணம் அரைக்கவும் கற்கிறாள். மேகத்தின் நிறம் வெண்மை என்று சொன்னவளுக்கு, அதற்குள் இருக்கும் நீலமும் மஞ்சளும் மெல்லப் புலப்படும் காட்சி நூலின் சிறந்த பகுதி. அவளுக்கும் ஓவியருக்கும் இடையே சொல்லப்படாமல் நிற்கும் ஈர்ப்பைவிட, இந்தத் தொழில் விவரங்களே நூலைத் தாங்குகின்றன.

வரலாறும் கற்பனையும்

மனைவி கேத்தரினா, மாமியார் மரியா தின்ஸ், ஓவியங்களை வாங்கிய வான் ரைவன் ஆகியோர் உண்மை மனிதர்கள். பணிப்பெண் தான்னெகேயின் பெயரும் அக்கால ஆவணத்தில் உள்ளது. கிரீட் மட்டும் முழுக் கற்பனை. 2003-இல் ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்த திரைப்படம் வெளிவந்த பின், ஓவியத்தைப் பார்ப்போர் பலரும் அந்தப் பணிப்பெண்ணின் கதையையே உண்மை வரலாறாக நம்புகின்றனர். ஓர் ஓவியத்துக்கு இது இலாபமா இழப்பா என்பது விவாதத்துக்குரியது.

புதினத்தின் கடைசிப் பகுதி 1676-இல் நிகழ்கிறது. பிரான்சுடனான போரால் ஓவியச் சந்தை சரிந்து, வெர்மீர் கடனோடு இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு கேத்தரினா, ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 600 கில்டருக்கு மேற்பட்ட பாக்கிக்கு ஈடாக இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார் என்பது பதிவான செய்தி. செவாலியரின் கதையில் இறைச்சிக் கடைக்காரருக்கும் 15 கில்டர் பாக்கி இருக்கிறது. அந்தக் கடைக்காரரைத்தான் கிரீட் மணந்திருக்கிறாள். வெர்மீர் தனக்கென விட்டுச்சென்ற முத்துக் காதணிகளை 20 கில்டருக்கு விற்று, அப்பாக்கியை அவளே தீர்க்கிறாள். மீதி ஐந்து கில்டரைத் தனக்கென ஒளித்து வைத்துக்கொள்கிறாள்.