இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயம்

நெசவாளரான நமது அங்கத்தினர் ஒருவர், தம் மனைவியின் கர்ப்பப்பையை அகற்றும் சஸ்திர சிகிச்சைக்காகக் கடன் கேட்டுச் சங்கத்திற்கு வந்தார். அந்த அம்மாளுக்கு வயது 38. மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் ஒரு சிறு நார்க்கட்டி. உடனே எடுக்காவிட்டால் புற்றுநோயாகிவிடும் என்று அவர்களிடம் கூறப்பட்டதாம். ஸ்கேன் படத்துடன் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய் வரும்படி சொன்னோம். அங்கே சதைப் பரிசோதனையும் செய்து பார்த்து, புற்றுநோய் இல்லையென்றும் இப்போதைக்கு மாத்திரையே போதுமென்றும் கூறி அனுப்பினர். கடன் மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டாமவரும் சஸ்திர சிகிச்சையே தேவையென்று கூறலாம். அப்பொழுது மனக் கலக்கமின்றிச் செய்துகொள்ளலாம். ஆனால் நார்க்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின் அது தானே சுருங்கும். உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு; கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. இளவயதில் சூற்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, எலும்பு பலவீனமும் இருதய நோயும் வரும் அபாயம் கூடுகிறது. எடுத்ததைத் திருப்பி வைக்கவும் இயலாது.

சட்டமும் நோயாளியின் பக்கமே நிற்கிறது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்திலிருந்தபோது, தாயாரின் சம்மதத்தைக் கொண்டு அவருடைய கர்ப்பப்பையையும் சூற்பைகளையும் அகற்றியது தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு சிகிச்சை இருப்பின் அதையும் விளக்கியே சம்மதம் பெறவேண்டும் என்றும் கூறியது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களின் ஏழைப் பெண்கள் பலருக்கு அவசியமின்றி இச்சிகிச்சை செய்யப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், இதைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்கவேண்டுமென்று 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

முதல் வைத்தியர் கோபித்துக்கொள்வாரே என்று நம்மவர் தயங்குகிறார்கள். பாவு நூல் வாங்க இரண்டு கடை ஏறி இறங்குபவர்கள் இதற்கு மட்டும் கூச்சப்படுவானேன்? நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலாமவர் தாமே அனுப்பிவைக்கும் இடத்திற்கன்றி, வேறிடத்திற்குச் செல்லுங்கள். கைத்தொலைபேசியில் வரும் வைத்தியக் குறிப்புகளை நம்புமுன், எழுதியவர் யார், எதையேனும் விற்கிறாரா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

ஒன்று மட்டும்: மாதவிடாய் அடியோடு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டாலோ, உதிரப்போக்கினால் மயக்கம் வந்தாலோ, இரண்டாவது அபிப்பிராயத்திற்கென்று நாள் கடத்தலாகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பணம் இல்லையேல், சங்கக் காரியதரிசியை எந்நேரமும் எழுப்பலாம்.