காதைப் பார்த்து, பல்லைப் பார்த்து...

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்குகிற மாட்டை? அதன் பல்லையும் பார்க்க வேண்டும், காதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தீவனம் போடுவது, தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது எல்லாம் பெரும்பாலும் நாம்தான். ஆனால் மாடு பிடிக்கப் போவது மட்டும் 'ஆம்பிளைங்க சமாச்சாரம்'! எங்கள் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலையை முடித்து விடுவார்கள். விலையை அவர்களே பேசட்டும். வயதையும் அடையாளத்தையும் நாம் பார்த்துக் கொள்வோம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

பல் சொல்லும் வயது

மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்களே கிடையாது. கீழே மட்டும் எட்டு உண்டு. விற்கிறவரை மாட்டைப் பிடித்துக் கொள்ளச் சொல்லி, கீழ் உதட்டை மெதுவாக இறக்கினால் போதும், தெரிந்துவிடும்.

சின்னதாக, வெள்ளையாக இருப்பது பால் பல். சுமார் 2 வயதில் நடுவிலுள்ள இரண்டு விழுந்து, அகலமான பற்கள் முளைக்கும். நாலு பல் என்றால் இரண்டரையிலிருந்து 3 வயது. ஆறு பல் என்றால் 3 முதல் மூன்றரை. எட்டும் சேர்ந்துவிட்டால் 4 வயதை ஒட்டி என்று வைத்துக் கொள்ளலாம். இனத்தையும் தீவனத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்னே பின்னே ஆகும். அதற்குப் பிறகு பல் தேய்வதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தேய்ந்து, இடைவெளி விட்டு, குச்சி குச்சியாக நின்றால் அது கிழட்டு மாடு.

கொம்பு வளையங்களை எண்ணி, அதோடு 2 கூட்டி வயது சொல்கிற வழக்கமும் உண்டு. ஆனால் கொம்பைச் சீவி வழவழப்பாக்கிக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே! கலப்பின மாடுகள் பலவற்றுக்குக் கன்றிலேயே கொம்புக் குருத்தைச் சுட்டு விடுகிறார்கள். அதனால் பல்தான் நமக்குச் சாட்சி.

"ரெண்டாம் ஈத்துங்க" என்று தரகர் சொன்னால் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். நல்ல கலப்பினப் பசு முதல் கன்று போட இரண்டரை, மூன்று வயதாகும். அடுத்த கன்றுக்கு மேற்கொண்டு ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஆகும். ஆக, இரண்டாம் ஈத்து மாட்டுக்கு ஆறு பல்லோ எட்டுப் பல்லோதான் இருக்க வேண்டும். பல் பாதி தேய்ந்திருந்தால் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம்!

காது சொல்லும் அடையாளம்

இப்போது மாடுகளின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாட்டுக்கு ஆதார் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். ஒரு மாட்டின் எண் இன்னொன்றுக்கு வராது. இனம், வயது, சினை ஊசி, தடுப்பூசி, உரியவர் யார் என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகிறது.

"ஐயோ, வாயில்லா ஜீவனுக்கு வலிக்குமே!" என்கிறீர்களா? நம் குழந்தைக்குக் காது குத்தவில்லையா, அந்த மாதிரிதான். இரண்டு மூன்று நாள் புண்ணைக் கவனித்து, வேப்பெண்ணெய் தொட்டு வைத்தால் ஈ அண்டாது.

இந்தச் சின்ன வில்லையின் அருமை எதிர்வீட்டு அக்காவைக் கேட்டால் தெரியும். கடன் வாங்கிப் பிடித்த பசு வயிறு உப்பி ஒரே ராத்திரியில் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் காதில் வில்லை இல்லை. "வேலியில மாட்டி அறுந்து போச்சு கண்ணு, அதைப் போய்ப் பெரிசா நினைக்கலையே" என்று அழுதார். செத்தது அந்த மாடுதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் பணம் வரவில்லை. கடன் மட்டும் நிற்கிறது. வில்லை விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லி, புது வில்லை போட்டு, புது எண்ணைப் பாலிசியிலும் ஏற்றிவிட வேண்டும்.

வயதும் இங்கே முக்கியம். கறவைப் பசுவைப் பொதுவாக 2 வயதிலிருந்து 10 வயது வரைதான் இன்ஷூரன்ஸில் சேர்க்கிறார்கள். டாக்டர் பல்லைப் பார்த்து வயது எழுதித் தரும் சான்றிதழும் வேண்டும்.

நம் ஆரோக்கியத்துக்கும்தான்

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். கன்று வீச்சுக்கான ஊசியை, 4 முதல் 8 மாதத்துக்குள் இருக்கும் கிடாரிக் கன்றுக்கு ஒரே ஒரு தடவை போட்டால் போதும். இந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று படுத்தி எடுத்துவிடும். காய்ச்சாத பால் வழியாக வரும். கன்று போடும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தாலும் வரும். அதனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் பாலைப் பொங்கக் காய்ச்சியே கொடுங்கள். எந்த மாட்டுக்கு ஊசி போட்டாயிற்று என்று அறிய அந்த எண்ணே வழி.

மறக்காமல் செய்ய

மாடு வாங்குமுன் வில்லை எண்ணையும், விற்பவரிடமுள்ள தடுப்பூசி, இன்ஷூரன்ஸ் காகிதங்களையும் ஒத்துப் பாருங்கள். வாங்கிய கையோடு மருந்தகத்தில் சொல்லிப் பதிவை உங்கள் பெயருக்கு, உங்கள் போன் நம்பருக்கு மாற்றிக் கொள்ளுங்கள். மாட்டைப் பராமரிப்பவர் பெயரில் காகிதம் இருப்பதுதானே நியாயம்? வில்லை தெரிகிற மாதிரி மாட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அந்த 12 இலக்கத்தையும் 1962-ஐயும் சமையலறைக் காலண்டரில் இன்றைக்கே எழுதி வைத்து விடுங்கள், சகோதரிகளே. பால் கணக்கு எழுதுகிற இடம்தானே அது!