பொரித்தால்தான் குழம்பில் நிற்கும்

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் கிடக்கும். மீன் அருகும் அந்த நாட்களிலும் விரத நாட்களிலும் புரதத்துக்குக் கைகொடுப்பவை பருப்பும் சோயா மீட்டும்தான். சோயா அவரை நமக்குப் புதிதல்ல. இலங்கையில் 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படும் திரிபோஷா என்னும் சத்துமாவில் சோளத்தோடு சேர்வது அதுவே. ஆனால் அதே அவரையின் பாலைத் திரைத்துப் பிழிந்தெடுக்கும் டோஃபு இன்னும் நம் அடுப்படிக்கு வந்து சேரவில்லை. அதற்கு வழி பொரிப்பதுதான் என்பேன்.

சாதாரண டோஃபு 100 கிராமில் ஏறத்தாழ 85 கிராம் நீர், 8 கிராம் புரதம். உறைப்பும் புளியும் உள்ளே இறங்காது; அகப்பை பட்டாலே உடையும். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நீர் ஆவியாக வெளியேறி, மேலே தோல் கட்டி, உள்ளே கடற்பஞ்சு போலத் துளை விழுகிறது. கத்தரிக்காயைப் பொரித்துவிட்டுத் தேங்காய்ப்பால் குழம்பில் இடுகிறோமே, அதே சூத்திரம்தான். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள், காரக் குழம்பு ஊற்றிய காய்கறிக் கலவையான பசம்பூரிலும் பிரட்டிய நூடில்ஸான மீ கோரெங்கிலும் பொரித்த டோஃபுவையே சேர்க்கிறார்கள். அவித்த டோஃபு அந்தக் காரக் குழம்பைத் தாங்காது.

எண்ணெய் கூடாதே என்பார்கள். நியாயமான கவலை. பொரித்ததில் 100 கிராமுக்கு 270 கலோரி, 20 கிராம் கொழுப்பு. ஆனால் அதில் புரதமும் 19 கிராம். அவ்வளவு புரதம் வேண்டுமானால் பொரிக்காத டோஃபு 240 கிராம் வேண்டும். அதில் அவரைக்கே உரிய கொழுப்பு 11 கிராம் இருக்கும். ஆக, நாம் கூட்டியது சுமார் 9 கிராம்தான். அதையும் குறைக்கலாம்: ஜப்பானியர் பொரித்த டோஃபுவின் மேல் கொதிநீர் ஊற்றி எண்ணெயைக் கழுவிய பிறகே சமைப்பார்கள். வடை போல வெறுமனே கொறிக்காமல் கறிக்குள் போட்டால் ஒருவருக்கு நாலைந்து துண்டு போதும்.

சோயா மீட் இருக்க இது எதற்கு? சோயா மீட் எண்ணெய் பிரித்தெடுத்த மாவில் செய்வது. கல்சியம் உப்பால் உறையவைத்த டோஃபுவிலோ 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. பசும்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், சோயா அந்த மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே சில மணிநேரம் விடவேண்டும். வீட்டிலேயே சோயாப்பாலைத் தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரைக்கலாம். புரதம் கிடைக்கும், அந்தக் கல்சியம் கிடைக்காது. கடையில் வாங்கினால் பொதியில் கல்சியம் சல்பேற் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.