இதயத்தின் மதகை அடைக்கும் மாத்திரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் குடவோலைத் தேர்தல் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பராந்தக சோழன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியமும் வருகிறது. ஏரிக்கென்றே தனிக் குழு! ஏரியைக் கட்டிக்காப்பவர்களுக்குத் தெரியும்: மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதயச் செல்லின் பாடும் அதுதான். உள்ளே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே நான்கு சொச்சம். மின் அலை வந்ததும் முதலில் சோடியமும் பிறகு கால்சியமும் உள்ளே பாய்கின்றன, செல் சுருங்குகிறது. அடுத்து பொட்டாசியக் கால்வாய்கள் திறந்து, பொட்டாசியம் வெளியே வடிய, செல் ஓய்வுக்குத் திரும்புகிறது. கீழறைச் செல்லில் இத்தனைக்கும் ஆவது ஏறக்குறைய 300 மில்லிநொடி. அதில் பெரும்பகுதி நேரம் இன்னொரு அலை வந்தாலும் செல் அசையாது.

சிலவகைத் துடிப்புக் கோளாறில் மின் அலை அவியாமல் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சோட்டலால், டோஃபெட்டிலைடு, அமியோடரோன் போன்ற மருந்துகள் இங்கேதான் வேலை செய்கின்றன. பொட்டாசியம் வடிவதை இவை தாமதப்படுத்துவதால் செல் தயாராகக் கூடுதல் நேரமாகிறது. சுற்றி வரும் அலை தயாராகாத செல்லில் முட்டி அடங்குகிறது.

அடைக்கும் விதம் சுவாரசியமானது. ஹெர்க் எனப்படும் பொட்டாசியக் கால்வாயில் நான்கு புரத அலகுகள் கூடி நடுவே துளை விட்டிருக்கின்றன. மருந்து வெளியிலிருந்து வாயைப் பொத்துவதில்லை. செல்லுக்குள் புகுந்து, கால்வாய் திறக்கும் வேளையில் அடிப்பக்கமாக ஏறி, நடுக்குழியில் உட்கார்ந்துகொள்கிறது. குழியின் சுவரிலுள்ள டைரோசின், ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன.

இந்த வகையின் மூத்த மருந்துக்கு நம் நீலகிரியோடு உறவு உண்டு. 1860-களில் மலேரியாவுக்காக அங்கே நடப்பட்ட சின்கோனாவின் பட்டையில் குயினைனின் உடன்பிறப்பான குயினிடினும் இருக்கிறது. குயினைன் விழுங்கினால் தன் தாறுமாறான துடிப்பு சீராவதாக ஒரு வியாபாரி சொன்னதை, டச்சு மருத்துவர் வெங்கிபாக் 1914-இல் பதிவு செய்தார். குயினிடின் அதைவிட மேல் என்று 1918-இல் வால்டர் ஃபிரே காட்டினார்.

ஆனால் குயினிடின் எடுத்தவர்களில் சிலர் திடீரென மயங்கி விழுந்தார்கள். வடிதல் அளவுக்கு மீறித் தாமதித்தால் கால்சியம் மறுபடி உள்ளே கசிந்து, வேண்டாத துடிப்புகள் கிளம்பும். கீழறை வெறித்துடிப்பில் விழலாம், உயிரும் போகலாம். அதனால்தான் மருத்துவர் ஈசிஜியில், கீழறை மின் அலையில் கிளம்பி ஓய்வுக்குத் திரும்பும் நேரத்தைக் காட்டும் கியூ-டி இடைவெளியை அளக்கிறார். இதயத்துடிப்புக்கேற்பத் திருத்திய அந்த அளவு 500 மில்லிநொடியைத் தாண்டினால் எச்சரிக்கை மணி. இதயத்துக்குச் சம்பந்தமில்லாத மருந்துகளும் அதே குழியில் போய் உட்காரக்கூடும் என்பதுதான் பெரிய வம்பு. இரைப்பைக்குத் தந்த சிசாப்ரைடு அப்படித்தான் மாட்டியது. இந்தியாவில் 2011-இல் தடையானது. அதே குழியில் உட்காரக்கூடிய எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இன்றும் கடையில் கிடைக்கிறது.

ஆகவே அமியோடரோனோ சோட்டலாலோ சாப்பிடுகிறவர்கள், இருமலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ மருந்து வாங்கும்போது பழைய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வயிற்றுப்போக்கில் உடலின் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து இன்னும் கூடும். பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.