மின்சூளையில் உலோக ஒளி மெருகு

மட்கலத்தின்மீது கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சை மெருகு என்கிறோம். மைசூர் அரசு பெங்களூரில் நிறுவிய பீங்கான் ஆலை, 1976-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவாயிற்று. மின்கம்பங்களில் காணப்படும் பழுப்புநிறக் காப்புப் பீங்கான்கள் இத்தகைய ஆலைகளில் உருவாகுபவை. அப்பழுப்பு நிறத்துக்குப் பெரிதும் காரணம், மெருகில் சிறிதளவு சேரும் இரும்பு, மாங்கனீசு ஆக்ஸைடுகளே. இவற்றின் அளவை மிகுதிப்படுத்தினால் மட்கலம் வெண்கலம்போல் ஒளிரும்.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஈராக் நாட்டுக் குயவர்கள் வெள்ளி, செம்பு ஆகியவற்றால் உலோக ஒளியைப் படைத்தனர். சூளையில் புகையை நிறைத்து, உலோக ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிப்பது அவர்கள் முறை. மின்சூளைக்கு இம்முறை பொருந்தாது. அங்கே விறகுமில்லை, புகையுமில்லை; வலிந்து புகையூட்டினால் வெப்பக் கம்பிகளைக் காக்கும் ஆக்ஸைடுப் படலம் சிதைந்து, அவற்றின் ஆயுள் குறையும்.

ஆகவே வேறொரு வழி கையாளப்படுகிறது. சூடான பாகில் மிகுதியாகக் கரைந்த சர்க்கரை, ஆறும்போது படிகமாவதை நாம் அறிவோம். உருகிய மெருகிலும் இதுவே நிகழ்கிறது. இரண்டு, மூன்று சதவீத இரும்பு ஆக்ஸைடு கரைந்து நிறம் மட்டுமே தரும். பத்து சதவீதத்துக்கு மேற்பட்டால், எஞ்சியது குளிரும்போது மேற்பரப்பில் நுண்படிகங்களாகப் பிரியும். மாங்கனீசு மிகுதியும் செம்பு சிறிதுமாகச் சேர்த்து, ஏறத்தாழ 1,220 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால் பொன்வெண்கலச் சாயல் கிட்டும். இம்மெருகு எளிதில் வழியுமாதலால், கலத்தின் அடிப்பகுதியில் பூசாது விடுதல் நன்று.

இவ்வழகுக்குப் பின்னே ஓர் ஆபத்தும் உண்டு. மாங்கனீசு ஆக்ஸைடை அரைத்த கிளாஸ்கோ நகரத் தொழிலாளர்களுக்குக் கால்கள் தளர்ந்து நடை தடுமாறியதை 1837-இல் ஜான் கூப்பர் என்னும் மருத்துவர் விவரித்தார். சுவாசத்தின் வழி உட்புகும் மாங்கனீசு மூளையைத் தாக்கவல்லது. எனவே தூளை எடை போடும்போது தகுந்த சுவாசக் கவசம் அணிதல் வேண்டும். சிந்திய தூளைப் பெருக்காது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். சூளையின் ஆவி நேரே வெளியேறும்படி குழாய் அமைத்தல் இன்றியமையாதது. வகுப்பறையில் சூளை எரியும்போது மாணவர்களை அங்கே இருத்தலாகாது.

இம்மெருகிட்ட கலத்தில் உணவு வைத்தலும் தகாது. புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும். எலுமிச்சைத் துண்டொன்றை மெருகின்மீது ஓரிரவு வைத்துப் பார்த்தால், நிறம் மங்குவது பெரும்பாலும் புலப்படும். மங்காவிடினும் அக்கலம் உணவுக்கு ஏற்றதென்று கொள்ளலாகாது. ஆய்வகச் சோதனையே அதனை உறுதிசெய்யும். பூச்சாடிகளுக்கும் சிற்பங்களுக்கும் இம்மெருகு அணியாக விளங்கட்டும். உண்கலத்தின் உட்புறத்துக்கு வேண்டா.