பத்து மணிக்கு மேல் தெருவில் யார்?

வெள்ளிக்கிழமை இரவானால் ரெய்க்யவிக் நகரின் மையத் தெருக்களில் நடக்கப் பெரியவர்களே தயங்கிய காலம் ஒன்று உண்டு. 1990களில் ஐஸ்லாந்துத் தலைநகரின் அந்தத் தெருக்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ரவுடிகள் அல்ல, குடித்துவிட்டுத் தள்ளாடிய பள்ளிப் பிள்ளைகள். 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாக எழுதிக் கொடுத்தார்கள். 2016இல் அப்படி எழுதியவர்கள் 5 பேர். தினமும் புகைபிடிப்பவர்கள் 23இலிருந்து 3ஆகக் குறைந்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது? குடி குடியைக் கெடுக்கும் என்கிற ரகப் பாடங்களை அங்கும் முன்பே நடத்திப் பார்த்திருந்தார்கள், எடுபடவில்லை. இங்கா டோரா சிக்ஃபுஸ்தோத்திர் போன்ற ஐஸ்லாந்து ஆய்வாளர்களும் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஹார்வி மில்க்மனும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். குடிக்காத பிள்ளைகள் ஏன் குடிப்பதில்லை?

கணக்கெடுப்பிலேயே விடை இருந்தது. அந்தப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போனார்கள். அப்பா அம்மாவோடு அதிக நேரம் இருந்தார்கள். பள்ளியில் தங்கள்மேல் அக்கறை கொண்டவர்கள் உண்டென்று நம்பினார்கள். இரவில் ஊர் சுற்றவில்லை.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. விளையாட்டு, இசை, நடனக் குழுக்களுக்கு அரசுப் பணம் கூடுதலாகப் போனது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெளியே நின்றுவிடக் கூடாதென்று ரெய்க்யவிக் நகராட்சி 'ஓய்வுநேர அட்டை' கொடுத்தது. 2016இல் அதைக் கொண்டு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா வரை பயிற்சிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. டிசம்பரில் நாலு மணி நேரமே வெளிச்சம் இருக்கும் ஊர் அது. திறந்தவெளி மைதானத்தை நம்பிப் பயனில்லை என்று 2000த்திலிருந்து ஊர் ஊராகக் கூரை போட்ட கால்பந்துக் கூடங்கள் எழுந்தன. அங்கே ஐந்து வயது வாண்டுக்குப் பந்தை உதைக்கச் சொல்லித் தருபவர்கூட முறையாகப் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்.

பள்ளியில் நீச்சல் கட்டாயப் பாடம். பூமியின் சூட்டிலேயே காயும் வெந்நீர்க் குளங்களில், பனி கொட்டும் காலையிலும் ஆவிக்கு நடுவே பிள்ளைகள் நீந்துவார்கள். கரையேறினால் ஈரத் தலைமுடி விறைத்துக்கொள்ளும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆனால் மைதானம் மட்டும் போதவில்லை. விளையாட்டுக்கே மந்திரசக்தி உண்டென்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: குழுவாக, பெரியவர்கள் பார்வையில் விளையாடியவர்களிடம்தான் குடி குறைந்தது, தாங்களாகக் கூடி விளையாடியவர்களிடம் அல்ல என்று பின்னாளில் அந்நாட்டு ஆய்வு காட்டியது. அதனால்தான் வீட்டின் பங்கு இவ்வளவு பெரிதாகிறது. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்துக்கு மேலும், கோடையில் பன்னிரண்டுக்கு மேலும் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த நேரங்களை அச்சிட்ட காந்த அட்டை பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். "எல்லாரும் இருக்காங்களே, நான் மட்டும் ஏன்?" என்று பிள்ளை கேட்டால், அம்மா அதைக் காட்டினால் போதும். பெற்றோரே முறைவைத்து, குழுவாக இரவில் தெருச்சுற்றும் வழக்கமும் உண்டு. யாரையும் பிடித்துக் கொடுக்க அல்ல. தங்களைப் பார்த்தாலே பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள் என்பதற்காக.

வாரத்தில் நான்கு முறையாவது முறையான விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் 15, 16 வயதினர் 1997இல் 24 சதவீதம், 2012இல் 42 சதவீதம். கால்பந்தில் இதற்கு எதிர்பாராத வட்டியும் கிடைத்தது. 2016 ஜூன் 27 அன்று, அப்போது சுமார் மூன்றேகால் லட்சம் பேரே வாழ்ந்த அந்த நாடு ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது.

கணக்கெடுப்பு இன்னும் நிற்கவில்லை. விடைத்தாள்கள் சேர்ந்த சில வாரங்களிலேயே முடிவுகள் ஊர்வாரியாக, பள்ளிவாரியாகத் திரும்பி வருகின்றன. நாட்டின் சராசரியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகப் பெற்றோர் கூட்டத்தில் வழியில்லை. அங்கே மேசைமேல் இருப்பது தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் எண்.