அலுமாரிக் கதவும் அண்டையில் உறங்குவோரும்



உங்கள் வீட்டு அலுமாரிக் கதவு பின்னிரவு மூன்றரை மணிக்கு எப்படிச் சத்தமிடும் என்பதை என்றாவது கவனித்திருக்கிறீர்களா? பகலில் அது யார் காதிலும் விழுவதில்லை. வீதியில் வாகனங்கள், குசினியில் பாத்திரங்கள், முற்றத்தில் பிள்ளைகள் என்று ஆயிரம் ஓசைகளுக்குள் அதுவும் ஒன்றாகக் கரைந்துவிடும். ஆனால் ஊரே அடங்கிய நேரத்தில் அதே கதவு முனகினால் வீடு முழுவதும் கேட்கும். ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா?’ என்று நினைத்துவிடாதீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்டிக்கு அண்மையில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய சிறிய வீடு எங்களுடையது. எங்கள் அறைக்கும் உம்மாவின் அறைக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரோடு சாய்த்துத்தான் அலுமாரியை வைத்திருந்தோம். தஹஜ்ஜுத் தொழ எழும்பும்போது ஜுப்பாவை எடுக்க அதைத் திறப்பேன். ‘கிறீச்’ என்று ஒரு நீண்ட ஓசை, மூடும்போது ‘டப்’ என்று ஓர் அடி. எனக்கோ அது பழகிப்போன சத்தம்.

ஒருமுறை உம்மா அக்குறணையிலுள்ள என் தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். முழங்கால் வலியால் நள்ளிரவு தாண்டியே கண்ணயரும் அவர், “அங்க நல்லா நித்திரை வந்திச்சி மகன்” என்றார். “இங்க வரல்லியா உம்மா?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “வரும். ஆனா நீங்க எழும்புறதுக்கு முந்தியே முழிப்பு வந்திடும். அந்தச் சத்தம் எப்ப வருமோண்டு பாத்துக்கிட்டுக் கிடப்பேன். அது வந்து போனாத்தான் திரும்பக் கண்ணயரலாம்.”

நான் வாயடைத்துப் போனேன். நான் நஃபிலான வணக்கத்துக்காக எழும்புகிறேன். அதற்கான விலையை என் தாயின் தூக்கம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது!

மெதுவாகத் திறந்த கதவு

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதவை மெதுவாகத் திறந்து மூடிய ஒரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதை மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்கள் தங்கியிருந்த ஓர் இரவு. மனைவி உறங்கிவிட்டதாக எண்ணியபின் மெதுவாக மேலாடையை எடுக்கிறார்கள், மெதுவாகச் செருப்பை அணிகிறார்கள், கதவைத் திறந்து வெளியேறி, மெதுவாகவே அதைச் சாத்திவிட்டு பகீஉ மையவாடிக்குச் செல்கிறார்கள். உறங்கியவரை எழுப்ப விரும்பாததையே அதற்குக் காரணமாகப் பின்னர் கூறுகிறார்கள்.

மிக்தாத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியும் அதே நூலில் உண்டு. இரவில் வரும் நபியவர்கள், விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியாகவும் உறங்குபவரை எழுப்பாதபடியாகவும் ஸலாம் சொல்வார்களாம். ஸலாமுக்கே இந்த அளவுகோல் என்றால் அலுமாரிக் கதவுக்கு எந்த அளவுகோல்?

இன்றைய ஆய்வாளர்களும் இதையொட்டியே பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், உறங்கும் அறையில் தொடர்ச்சியான ஓசை 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், திடீரென எழும் தனிச்சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றும் கூறியது. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே சுமார் 60 டெசிபல். கட்டிலுக்கு அருகில் அடித்துச் சாத்தப்படும் கதவு இந்த எல்லைகளை எளிதில் கடந்துவிடும்.

கண்டியின் மழையும் மரக்கதவும்

சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் அது எங்கிருந்து வருகிறது என்பது முதலில் விளங்க வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கு கடும் மழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஓரளவு வறட்சி. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதும், வெயிலில் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான். தேக்கானாலும் பலாவானாலும் கினிசப்புவானாலும் இதற்கு விலக்கில்லை. எனவேதான் மழைக்காலத்தில் இறுகி உரசும் கதவு, கோடையில் தளர்ந்து ஆடுகிறது.

இதை அறியாமல் நான் ஒரு தவறு செய்தேன். உம்மா சொன்ன வார்த்தை உறுத்தியதால், அந்த நவம்பரிலேயே சீவுளி எடுத்துக் கதவின் ஓரத்தை நன்றாகச் சீவித் தள்ளினேன். உரசல் நின்றது. பெப்ரவரி வந்தபோது கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! காற்றடித்தால் கடகடவென்று ஆடத் தொடங்கியது. ஆகவே மழைக்காலத்தில் மரத்தைச் சீவாதீர்கள். உரசும் இடத்தில் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்துவிட்டு, காய்ந்த காலம் வரும்வரை பொறுத்திருங்கள். அதன் பிறகும் உரசினால் மட்டும், கொஞ்சமாகச் சீவலாம்.

நான்கு சத்தங்கள், நான்கு பரிகாரங்கள்

முதலாவது முனகல். இது பிணைச்சலிலிருந்து வருவது. நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத்தான் தேடுவோம். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். ஜனவரிக் குளிரில் நம் தலைக்கு வைக்கும் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிணைச்சலுக்குள் சென்ற எண்ணெய்க்கும் அதே கதிதான். போதாததற்குத் தூசியையும் சேர்த்துப் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும். பழைய பிணைச்சலானால், ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, அதன் ஊசியை மேல்நோக்கித் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு, வாஸ்லின் பூசித் திரும்பப் போடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கதவு காலில் விழும். மண்ணெண்ணெய் கையாளும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

இரண்டாவது அடி. மரத்தோடு மரம் மோதும் சத்தம் இது. கதவு வந்து படும் இடத்தில், மேலும் கீழும் கம்பளித் துணியையோ பழைய சைக்கிள் டியூபையோ பத்துச் சத நாணயம் அளவில் வெட்டி ஒட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை, பலனோ உடனே தெரியும். புதிதாக அலுமாரி செய்விப்போர், தானாக மெதுவாக மூடும் பிணைச்சல்களைப் பற்றிப் பாஸிடம் கேட்டுப் பாருங்கள். அதனுள் இருக்கும் சிறு எண்ணெய்க் குழாய் கடைசி நேரத்தில் கதவின் வேகத்தைத் தடுத்துவிடும்.

மூன்றாவது ஆட்டம். திருகாணி தளர்ந்திருக்கலாம். மரத்தில் துளை பெருத்திருந்தால், பசை தடவிய தீக்குச்சிகளை மருந்து முனையை வெட்டிவிட்டு அதில் செருகி, காய்ந்தபின் ஆணியை இறுக்குங்கள். அழுத்திய மரத்தூள் பலகையானால் இது நிலைக்காது, பிணைச்சலைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்திப் பொருத்த வேண்டும். நிலைக்கண்ணாடி பதித்த கதவில் பாரமான உடுப்புகளையும் பைகளையும் தொங்கவிடுவது, பிணைச்சலை நாமே இழுத்துச் சாய்ப்பதாகும். இனி, நம் மலைப்பகுதி வீடுகளில் தரை முழுதும் மட்டமாக இருப்பது அரிது. பிள்ளையின் பந்தைத் தரையில் வைத்துப் பாருங்கள், உருண்டால் சரிவு தெரிந்துவிடும். கதவு தானாகத் திறந்துகொண்டால் அலுமாரியின் முன்கால்களுக்குக் கீழே மடித்த தடித்த அட்டையை வைத்துச் சிறிது உயர்த்துங்கள். கதவு அதன்பின் தானாகத் திறக்காது.

நான்காவது அதிர்வு. இரும்பு அலுமாரி வைத்திருப்போருக்கு இது நன்கு தெரியும். மெல்லிய தகடு றபானைப் போல முழங்கும். கதவின் உட்புறத்தில் தடித்த றப்பர்த் துண்டையோ பழைய கம்பளத்தையோ ஒட்டினால் அந்த முழக்கம் அடங்கும். மர அலுமாரியும் சுவரை ஒட்டியிருந்தால் அதிர்வு சுவர் வழியே அடுத்த அறைக்குப் போகும். இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கால்களுக்குக் கீழே றப்பர் வையுங்கள். மழைக்காலத்தில் பின்பலகையில் பூஞ்சணம் பிடிப்பதும் இதனால் குறையும்.

சுவருக்கு அப்பாலும் ஒருவர்

இந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது நம் குடும்பத்தவர் மட்டுமல்ல. கண்டி நகரில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகள் எத்தனை! அப்பால் இருப்பவர் சிங்களச் சகோதரராக இருக்கலாம், தமிழ்ச் சகோதரராக இருக்கலாம். ரமழான் முழுதும் ஸஹருக்கு எழும்பும் நாம், காலையில் தொழிலுக்குப் போக வேண்டிய அவருடைய தூக்கத்தை முப்பது நாளும் கெடுத்தால், நம் நோன்பைப் பற்றி அவர் என்ன எண்ணுவார்? அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மிம்பரில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் கதவை அடித்துச் சாத்தலாமா?

கருவிகள் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. அதிகாலையில் உடுக்க வேண்டியதை இரவே எடுத்துக் கதிரையில் வைத்துவிடுங்கள். தொழுகை விரிப்பையும் தொப்பியையும் அதனோடு வையுங்கள். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த மனைவிக்கு நீங்கள் கொடுக்கும் பெரிய அன்பளிப்பு அதுவாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் கைப்பிடியைப் பிடித்தே கதவைச் சாத்தப் பழக்குங்கள். நாம் எப்படிச் சாத்துகிறோமோ அப்படித்தான் அவர்களும் சாத்துவார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் முடிய ஓர் அஸர் நேரமும், ஒரு டியூப் துண்டும், கொஞ்சம் மெஷின் எண்ணெயும்தான் செலவானது. சில நாட்கள் கழித்து, ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த என்னிடம் உம்மா கவலையோடு கேட்டார்: “இண்டைக்கு தஹஜ்ஜுதுக்கு எழும்பல்லியா மகன்? சத்தமே கேக்கல்லியே.”

எழும்பினேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் நன்கு உறங்கி எழுந்த தெளிவு இருந்தது.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதியின் இருப்பிடமாக ஆக்குவானாக! நமது வணக்கங்கள் எவருக்கும் தொல்லையாகாதபடி காப்பானாக! ஆமீன்.